நேர்முகப் பரீட்சைக்கு உகந்த உடை

உத்தியோகம் தேடும் இளைஞன் ஒருவனுக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரும்படி அழைப்புக் கடிதம் கிடைக்கும் நாள், அவன் வீட்டாருக்கெல்லாம் ஒரு திருநாளாகும். கடிதத்தை முதலில் அவன் வாசிக்கின்றான். அவனிடமிருந்து தகப்பனார் வாங்கி வாசிக்கின்றார். சிறிது நேரத்தில் அயல்வீட்டாருக்கும் செய்தி எட்டிவிடுகின்றது. மகிழ்ச்சியின் ஆரவாரம் சற்றே அடங்கியபின், "எதை உடுத்துக்கொண்டு போகப்போகிறாய், தம்பி?" என்று தாயார் கேட்கின்றார். அப்பொழுது வீட்டிலே ஒரு மௌனம் உண்டாகின்றது.

கேள்வி சிறியது. ஆயினும் அதற்கு விடை காணும் பொருட்டுக் காதிலும் கழுத்திலும் கிடந்த நகை அடைவுக்குப் போன வீடுகள் உண்டு. கோட்டும் களிசானும் கழுத்துப்பட்டியும் இல்லாவிடில் உத்தியோகம் கிடையாது என்று ஒருவர் கூறுவார். அறிவுள்ளவனுக்கு உடை எதற்கு என்று மற்றொருவர் கூறுவார். இருவர் கூற்றிலும் பாதி உண்மை இருக்கின்றது. பாதி உண்மையை முழு உண்மையென நம்பிப் பணத்தைச் செலவிடுவதும், முழுப் பொய்யெனத் தள்ளிவிட்டுக் கசங்கிய உடையோடு போய் நிற்பதும் ஒரே அளவு தவறானவை.

ஆள் பாதி, ஆடை பாதி என்பது ஒரு பழமொழி. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது மற்றொரு பழமொழி. உடைக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை முதலாவது கூறுகின்றது. அம்மதிப்பு விலையினால் மட்டும் வருவதன்று என்பதை இரண்டாவது கூறுகின்றது. நேர்முகப் பரீட்சைக்கு உடை தெரிவு செய்பவன் இவ்விரண்டையும் ஒருசேர மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதற்கண் இவ்வுடை எங்கிருந்து வந்தது என்பதை அறிவது பயனுடையது. இலங்கைத் தமிழில் வழங்கும் சில சொற்களே அவ்வரலாற்றைக் கூறிவிடுகின்றன. சப்பாத்து, களிசான், மேஸ், பொத்தான் ஆகியவை போத்துக்கேயரிடமிருந்து வந்த சொற்கள். 1505ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்து, 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய அவர்கள், தங்கள் உடையின் பெயர்களை இங்கே விட்டுச் சென்றனர். பின்வந்த ஒல்லாந்தர் தந்த சொற்களுள் ஒன்று கந்தோர் என்பது. கோட்டும் சேட்டும் ஆங்கிலேயர் தந்தவை. போத்துக்கேயச் சப்பாத்தை மாட்டி, ஆங்கிலக் கோட்டை அணிந்து, ஒல்லாந்தக் கந்தோரை நாடிச் செல்லும் இளைஞன், முந்நூறு ஆண்டு வரலாற்றைத் தன் உடலிற் சுமந்துகொண்டு செல்கின்றான் எனலாம்.

இவ்வாறு பிறர் உடையை மேற்கொள்வது தகுமா என்ற வினாவும் புதியதன்று. கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1905ஆம் ஆண்டிலேயே, இரவல் இறகுகள் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு சிறு வெளியீட்டை எழுதி, இலங்கையர் மேனாட்டு உடையைப் பின்பற்றும் வழக்கத்தைக் கண்டித்தார். அவ்வினா இன்றும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் கொழும்பிலுள்ள பெரிய வங்கிகளிலும் வர்த்தக நிலையங்களிலும் மேனாட்டு உடையே பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுகின்றது. அங்கே வேலை நாடுவோன் அவ்வுடையின் இலக்கணத்தை அறிந்திருப்பது நன்மையாகும்.

சூட் எனப்படுவது ஒரே துணியில் வெட்டித் தைத்த கோட்டும் களிசானும் சேர்ந்த உடையாகும். சிலர் உள்ளே கையில்லாத அரைச்சட்டையொன்றையும் சேர்த்து அணிவர். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சாள்ஸ் 1666ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இனித் தம் அரசவையில் நீண்ட அரைச்சட்டையும் மேலங்கியும் அணியப்படும் என அறிவித்தார். பிரெஞ்சு நாட்டின் ஆடம்பர மோஸ்தரைக் கைவிட்டு எளிமையான உடையை நாட்டுவதே அவர் நோக்கமெனக் கூறப்பட்டது. சூட்டின் வரலாற்றை எழுதுவோர் பலரும் அந்நாளிலிருந்தே தொடங்குவர்.

அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபோது, இலண்டனில் போ பிரம்மெல் என்பவர் பெயர் பெற்றார். 1778 முதல் 1840 வரை வாழ்ந்த இவர் பிரபுக் குலத்திற் பிறந்தவரல்லர். சரிகையும் பட்டும் பூவேலையும் நிறைந்த உடைகளை விலக்கி, கருநீலக் கோட்டு, வெள்ளைவெளேரென்ற சேட்டு, கச்சிதமான வெட்டு, நாள்தோறும் நீராடல் ஆகியவற்றையே அவர் தம் அலங்காரமாகக் கொண்டார். வீதியிற் செல்வோர் ஒருவனுடைய உடையைத் திரும்பிப் பார்ப்பார்களாயின், அவ்வுடையில் ஏதோ மிகை இருக்கின்றது என்பதே அவர் கொள்கையாக இருந்தது. இன்றைய சூட்டின் அடிப்படைக் கருத்து அதுவே. அது பிறர் கண்ணைக் கவர்வதற்காக உண்டானதன்று; கண்ணை உறுத்தாமல் இருப்பதற்காக உண்டானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய குட்டையான கோட்டும் அதற்கிணங்கிய களிசானும், ஓய்வு நேரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் உரிய சாதாரண உடையாகவே முதலிற் கருதப்பட்டன. கனவான்கள் நகரத்தில் நீண்ட கருங்கோட்டையே அணிந்தனர். கந்தோர் எழுதுவினைஞர் மெல்ல மெல்லக் குட்டைக் கோட்டைத் தமதாக்கிக் கொண்டனர். முதலாம் உலகப் போருக்குப் பின் அதுவே வேலைத்தலத்தின் பொது உடையாயிற்று. அதை மலிவாகத் தொழிலாளருக்கும் எட்டச் செய்தவருள் ஒருவர் மொன்ரேகு பேர்ட்டன். லிதுவேனியாவில் 1885இல் பிறந்து, பதினைந்து வயதிலே தனியாக இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த இந்த ஏழைச் சிறுவன், பிற்காலத்தில் லீட்ஸ் நகரத்தில் உலகின் மிகப் பெரிய தையற் தொழிற்சாலைகளுள் ஒன்றை நிறுவினார்.

1945ஆம் ஆண்டில் போர் முடிந்து படையினர் வீடு திரும்பத் தொடங்கியபோது, பிரித்தானிய அரசாங்கம் அவர்களுக்குக் குடிமக்கள் உடையை இலவசமாக வழங்கியது. சூட், சேட்டு, கழுத்துப்பட்டி, தொப்பி, சப்பாத்து, மழைக்கோட்டு என எல்லாம் ஒரு பெட்டியில் இட்டுக் கொடுக்கப்பட்டன. வேலை தேடிச் செல்பவனுக்கு உடை ஓர் ஆடம்பரமன்று, ஒரு கருவி என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட செயல் அது. ஆனால் அளவுகள் சில இடங்களிற் பற்றாமற் போயின. தோளில் தொங்கிய கோட்டும் காலில் மடிந்த களிசானும் பெற்றவர்கள் குறைகூறினர். துணி நல்லதாக இருந்தும் அளவு பொருந்தாவிடிற் பயன் குன்றும் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

உடை உண்மையிலேயே தெரிவுக் குழுவினரின் மனத்தைப் பாதிக்கின்றதா? இதனை ஆராய்ந்தவர்கள் உளர். அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ஓ, ஷபீர், தொடொரொவ் ஆகிய மூவர் செய்த ஆய்வு 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளிவந்தது. ஆடவர் முகங்களின் படங்களைச் சற்று வசதியானவர் உடையோடும், சற்று வசதி குறைந்தவர் உடையோடும் அவர்கள் காட்டினர். வேறுபாடு மிகச் சிறியதே. ஆயினும் வசதியானவர் உடையோடு தோன்றிய அதே முகம் கூடுதலான திறமை உடையதெனப் பார்த்தோர் மதித்தனர். படத்தை ஒரு செக்கனின் ஏறக்குறைய எட்டிலொரு பங்கு நேரமே காட்டியபோதும் முடிவு மாறவில்லை. உடையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்தபோதும் மாறவில்லை.

இவ்வாய்வு இருவருக்குப் பாடம் புகட்டுகின்றது. விண்ணப்பதாரி, உடை ஒரு பொருட்டல்ல என்று எண்ணி ஏமாறலாகாது. தெரிவுக் குழுவினர், தாம் உடையைக் கண்டு மயங்குவோரல்லர் என்று எண்ணி ஏமாறலாகாது. குழுவினரின் கடமை பின்னர் கூறப்படும்.

உடை அணிபவனுடைய மனத்தையும் மாற்றும் என்று கூறுவோர் உண்டு. 2012ஆம் ஆண்டில் ஆடம், கலின்ஸ்கி என்னும் இருவர், வைத்தியரின் மேலங்கி என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட வெள்ளைக் கோட்டை அணிந்தவர்களின் அவதானம் கூர்மையடைந்ததாக எழுதினர். அச்செய்தி உலகெங்கும் பரவியது. 2019இல் வேறு ஆய்வாளர்கள் அப்பரிசோதனையை மீண்டும் செய்தபோது அம்முடிவு கிடைக்கவில்லை. எனவே, நல்ல கோட்டை அணிந்தால் அறிவு பெருகும் என்று நம்பிச் செலவு செய்வதற்கு ஆதாரம் போதாது. கோட்டு, படியாத பாடத்தைச் சொல்லித் தராது.

இனி, தெரிவு செய்யும் முறைக்கு வருவோம். முதலாவது கேள்வி, சூட் தேவைதானா என்பதாகும். வங்கி, காப்புறுதி, கணக்காய்வு, பெரிய விடுதிகளின் நிருவாகம் ஆகியவற்றில் உயர்நிலைப் பதவிக்குச் செல்வோருக்குச் சூட் பொருந்தும். எழுதுவினைஞர் பதவி, ஆசிரியப் பதவி, அரசாங்கத் திணைக்களங்களின் பெரும்பாலான பதவிகள் ஆகியவற்றுக்கு நீண்ட கையுள்ள வெள்ளை அல்லது இளநீலச் சேட்டும், கருநிறக் களிசானும், கழுத்துப்பட்டியும் போதுமானவை. கணினி மென்பொருள் நிறுவனங்கள் சிலவற்றிற் கழுத்துப்பட்டியும் மிகையாகத் தோன்றும். வெளிக்கள வேலைக்கு ஆள் தேடுவோர் முன் பளபளக்கும் கோட்டோடு செல்பவன், வெயிலுக்கு அஞ்சுபவனோ என்ற ஐயத்தை உண்டாக்குவான்.

ஐயம் தீர்க்க எளிய வழியொன்று உண்டு. பரீட்சைக்கு முன் ஒரு நாள் மாலையில், அந்நிறுவனத்தின் வாசலுக்கு எதிரே சிறிது நேரம் நின்று, வேலை முடிந்து வெளியேறுவோரின் உடையைக் கவனிக்கலாம். அங்கு செல்ல இயலாத தூரத்தில் இருப்பவன், அங்கே வேலை செய்யும் ஊரவர் ஒருவரைக் கேட்டறியலாம். அவர்கள் நாள்தோறும் அணியும் உடைக்கு ஒரு படி மேலானதே நேர்முகப் பரீட்சைக்கு அளவானது. இரண்டு படி மேலே சென்றால், விருந்தினன் போலத் தோன்ற நேரிடும்.

சூட் வேண்டும் என்று முடிவாகுமாயின், நிறத்தைப் பற்றிச் சிந்தித்தல் வேண்டும். கருநீலமும் கருஞ்சாம்பலும் எக்காலத்தும் பழுதற்றவை. முழுக் கறுப்பு இலங்கையில் நீதிமன்றத்தை நினைவூட்டும். அன்றியும் அது மாலை விருந்துக்கும் துக்க நிகழ்ச்சிக்கும் கூடுதலாகப் பொருந்துவது. பளிச்சிடும் நீலம், மினுக்கமுள்ள துணி, பெரிய கட்டங்கள் ஆகியவை திருமண வீட்டுக்கு உரியவை. திருமணத்துக்கெனத் தைத்த கோட்டையே நேர்முகப் பரீட்சைக்கும் அணிந்து சென்று மாப்பிள்ளை போல அமர்ந்திருக்கும் இளைஞர்கள் பலர் உளர். சிக்கனம் கருதி ஒரே கோட்டை இரண்டுக்கும் பயன்படுத்த விரும்புவோர், தைக்கும்போதே அமைதியான கருநீலத்தைத் தெரிந்துகொண்டால் இரண்டு இடத்திலும் அது மதிப்போடு நிற்கும்.

அடுத்தது துணி. இங்கிலாந்தின் குளிருக்கு எழுந்த உடையைக் கொழும்பின் வெப்பத்தில் அணிவது எளிதன்று. கொழும்பின் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 27 பாகை செல்சியஸ். பகலில் 30 பாகையைத் தாண்டும். காற்றிலும் ஈரம் மிகுதி. கம்பளி என்றவுடன் பலர் அஞ்சுவர். ஆனால் மெல்லிதாக நெய்த கம்பளித் துணி இத்தகைய நாட்டுக்கு ஏற்றதே. கம்பளி இழை தன் நிறையில் நூற்றுக்குப் 16 அளவு ஈரத்தைத் தன்னுள் வாங்கவல்லது. பருத்தி ஏறக்குறைய 8 பங்கு வாங்கும். 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் ஆகியோர் கண்டுபிடித்த டெரிலீன், அதாவது இன்று பொலியெஸ்தர் எனப்படும் இழை, நூற்றுக்கு அரைப் பங்கு கூட வாங்காது. ஆகவேதான் முழுதும் பொலியெஸ்தரால் ஆன மலிவான கோட்டு, உடலின் வியர்வையை உள்ளேயே நிறுத்திவைக்கின்றது. அதன் பயன் கசங்காமையும் விலைக் குறைவுமாகும். கம்பளியும் பொலியெஸ்தரும் கலந்த துணி, இரண்டின் குணங்களையும் ஓரளவு பெற்று, நடுத்தர வருவாய் உள்ளோருக்கு ஏற்றதாக விளங்குகின்றது.

துணியின் நிறையை இத்தனை கிராம் என்று கூறுவர். வெப்ப நாட்டுக்கு 240 முதல் 270 கிராம் வரையுள்ளது போதும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவே ஆதலால், அங்கு வேலைக்குச் செல்வோருக்கு இதனிலும் சற்றுக் கனமான துணி இதமாக இருக்கும். கோட்டின் உட்பட்டை முதுகு முழுவதையும் மூடாமல் பாதியளவில் நின்றால் காற்றோட்டம் கிடைக்கும். தையற்காரரிடம் இதனை முன்கூட்டியே கூறுதல் வேண்டும்.

இவையெல்லாவற்றிலும் முதன்மையானது அளவு. விலையுயர்ந்த துணியில் அளவு பிழைத்தால் அது இரவலாகத் தோன்றும். மலிவான துணியில் அளவு சரியானால் அது சொந்தமாகத் தோன்றும். கோட்டின் தோளையே முதலிற் பார்த்தல் வேண்டும். தோளின் தையல், தோளெலும்பு முடியும் இடத்திலேயே முடிய வேண்டும். கழுத்துப் பகுதி சேட்டின் கழுத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். பொத்தானைப் பூட்டினால் வயிற்றின் குறுக்கே மடிப்பு இழுபடலாகாது. கையைத் தொங்கவிட்டால், சேட்டின் கைமுனை கோட்டின் கைக்கு வெளியே அரை அங்குலம் தெரிவது அழகு. களிசானின் கால் சப்பாத்தின் மேல் மெல்லத் தொட்டு நிற்க வேண்டும். குவிந்து கிடத்தல் ஆகாது.

கோட்டை இரவல் வாங்குவது தவறா என்று சிலர் தயங்குவர். தவறேயன்று. ஆனால் இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாக முடியாமற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். மைத்துனரின் கோட்டு தோளிற் பொருந்துமாயின், கையின் நீளத்தையும் இடுப்பின் சுற்றளவையும் தையற்காரர் சிறு கூலிக்குத் திருத்திவிடுவார். திருத்துவதற்கு உரியவரின் சம்மதத்தை முதலிற் பெறுதல் முறை. தோள் பொருந்தாத கோட்டையோ எவராலும் எளிதிற் திருத்த முடியாது. அதை நன்றியோடு திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது. பொருந்தாத கோட்டோடு செல்வதிலும், கோட்டின்றித் துப்புரவான சேட்டும் கழுத்துப்பட்டியுமாகச் செல்வது பன்மடங்கு மேலானது. கடன்பட்டு வாங்கிய கோட்டினுள் இருக்கும் மனம், கேள்வியைக் கேட்பதற்கு முன் கடனை எண்ணும்.

சிறு விடயங்கள் சிலவும் உள. புதிய கோட்டின் பின்வெட்டுகளைச் சேர்த்துப் பெருக்கற் குறி போலப் போட்டிருக்கும் வெள்ளை நூல், கடையிலே மடிப்புக் குலையாமல் இருப்பதற்காக இடப்பட்ட தற்காலிகத் தையலாகும். கைமுனையில் வெளிப்புறமாகத் தைத்த நிறுவனப் பெயர்த் துண்டும் அத்தகையதே. இரண்டையும் அகற்றிவிட்டே அணிதல் வேண்டும். இரண்டு பொத்தானுள்ள கோட்டில் மேற்பொத்தானை மட்டும் பூட்டுவது வழக்கம். ஏழாம் எட்வேட் மன்னரின் பருத்த வயிறே இவ்வழக்கத்துக்குக் காரணம் என்று கூறுவர். அமரும்போது அதனையும் அவிழ்த்துவிடலாம். கழுத்துப்பட்டியின் நுனி இடுப்புப்பட்டியைத் தொட்டு நிற்க வேண்டும். இடுப்புப்பட்டியும் சப்பாத்தும் ஒரே நிறமாகவும், மேஸ் களிசானின் நிறத்தை ஒட்டியதாகவும் இருத்தல் நன்று. சட்டைப்பையில் பேனை, கைத்தொலைபேசி, பயணச் சீட்டு என்று திணித்து வைத்தால் கோட்டின் வடிவம் கெடும்.

சப்பாத்தைப் பற்றிப் பலர் நினைப்பதில்லை. நாற்காலியில் அமர்ந்தபின் குழுவினர் கண்ணில் எளிதிற் படுவனவற்றுள் அதுவும் ஒன்று. பழைய சப்பாத்தாயினும் முதல்நாள் இரவே மெருகிட்டு வைத்தால், கவனமுள்ளவன் என்ற நற்பெயரைத் தேடித்தரும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற முதுமொழியின் பொருள் இங்கேதான் விளங்குகின்றது. துப்புரவு ஏழைக்கும் எட்டக்கூடிய அலங்காரம்.

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கொழும்புக்கு வருவோருக்கு வேறொரு தொல்லை உண்டு. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம். 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, போரினால் 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்று, 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மீண்டும் அங்கு வந்து சேர்ந்தது. புகைவண்டியாயினும் பேருந்தாயினும், இரவு முழுவதும் அணிந்திருந்த உடையோடு காலையில் தெரிவுக் குழு முன் நிற்பது இயலாது. கோட்டைத் தோள்கள் உள்ளே போகுமாறு உட்புறம் வெளியே திருப்பி மடித்து, துவாய் ஒன்றிற் சுற்றிக் கொண்டுவந்தால் கசங்கல் குறையும். இயலுமாயின் முதல்நாளே வந்து உறவினர் வீட்டிற் தங்கி, குளியலறையின் நீராவியிற் சிறிது நேரம் கோட்டைத் தொங்கவிட்டால் மடிப்புகள் தாமே தளரும். கம்பளித் துணியின் மேல் மின்னழுத்தியை நேரே வைத்தால் வழுவழுப்பான தேய்வு விழும். ஈரத் துணி ஒன்றை இடையில் விரித்தே அழுத்துதல் வேண்டும். காலையில் வாசல்வரை கோட்டைக் கையிற் கொண்டு சென்று, வியர்வை ஆறியபின் அணிவது புத்தி.

முழு உடையையும் பரீட்சைக்கு முன் ஒரு நாள் அணிந்து, அரைமணி நேரம் வீட்டிலே நடந்தும் அமர்ந்தும் பார்ப்பது அவசியம். கழுத்து இறுகுகிறதா, சப்பாத்து கடிக்கிறதா, அமர்ந்தால் களிசான் இழுக்கிறதா என்பன அப்பொழுதே தெரியவரும். குழுவினர் முன் உடையைச் சரிசெய்துகொண்டிருக்கும் கை, விடையைத் தேடும் மனத்தைக் கலைத்துவிடும்.

பெண்களுக்கும் இவ்விதிகளே பொருந்தும். கொழும்பில் கோட்டும் பாவாடையும் அணிவோர் உளர். சேலை அணிவோரும் உளர். இரண்டும் மதிப்புக்குரியவையே. சேலையாயின், சரிகை மிகுந்த பட்டைத் தவிர்த்து, ஒழுங்காகக் கொசுவி ஊசி குத்திய பருத்திச் சேலை அமைதியான தோற்றம் தரும். நடக்கவும் படியேறவும் இலகுவாக இருப்பதே அளவுகோல். ஒலிக்கும் வளையலும் காற்சங்கிலியும் பேச்சின் இடையே குறுக்கிடும்.

இனி, தெரிவுக் குழுவினரின் கடமை. ஒருவனுடைய கோட்டைக் கண்டு அவன் அறிவை அளப்பது அநீதி என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். அறிந்திருந்தும் கண் ஏமாறும் என்பதே மேற்கூறிய ஆய்வின் முடிவு. ஆகவே நல்லெண்ணம் மட்டும் போதாது, முறை வேண்டும். விண்ணப்பதாரிகள் அனைவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கிற் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் அவ்வப்போதே புள்ளியிடும் முறை பல நாடுகளிற் கையாளப்படுகின்றது. அமெரிக்க உளவியலாளர் போல் சக்கெற்றும் அவர் துணைவரும் பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணித்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், ஒருவன் வேலையில் எவ்வாறு விளங்குவான் என்பதை முன்னறிய உதவும் வழிகளுள் இத்தகைய ஒழுங்குபடுத்திய நேர்முகப் பரீட்சையே முதலிடம் பெற்றது. தோற்றத்துக்கெனத் தனிப் புள்ளி இடுவோர், அது அந்த வேலைக்கு உண்மையில் தேவைதானா என்று தம்மையே கேட்டுக்கொள்ளல் நன்று.

சமூகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1997ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்தில் நான்சி லப்ளின் என்னும் சட்ட மாணவி, தமக்கு முதுசொமாகக் கிடைத்த 5,000 டொலரை முதலாக வைத்து, வேலை தேடும் ஏழைப் பெண்களுக்கு நேர்முகப் பரீட்சைக்குரிய உடையை வழங்கும் சங்கமொன்றை ஆரம்பித்தார். அது பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. 2018இல் அதே நகரத்துப் பொது நூல்நிலையக் கிளையொன்று, புத்தகங்களைப் போலவே கழுத்துப்பட்டிகளையும் கைப்பைகளையும் இரவல் கொடுக்கத் தொடங்கியது. ஊர்தோறும் சனசமூக நிலையமும், பாடசாலைதோறும் பழைய மாணவர் சங்கமும் உள்ள இந்நாட்டில், பல அளவுகளில் நாலைந்து கோட்டுகளைச் சலவை செய்து ஓர் அலுமாரியில் வைத்திருப்பது பெருஞ்செலவான காரியமன்று. வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்களிடம் அணியாத கோட்டுகள் பல தூங்குகின்றன. அவற்றுள் ஒன்று, ஒரு தாயின் சங்கிலியை அடைவுக் கடைக்குப் போகாமற் காக்கும்.

நேர்முகப் பரீட்சை முடிந்து இளைஞன் வெளியே வந்தபின், அவன் என்ன நிறக் கோட்டு அணிந்திருந்தான் என்று குழுவினரைக் கேட்டால் அவர்களுக்கு நினைவுவராதிருப்பதே அந்த உடையின் வெற்றி. அவன் கூறிய விடைகள் நினைவிலிருக்க வேண்டும். அவன் முகம் நினைவிலிருக்க வேண்டும். அவற்றை மறைக்காமல் ஒதுங்கி நிற்கும் உடையே நல்ல உடை. அத்தகைய உடைக்கு நகையை அடைவு வைக்கத் தேவையில்லை. பொருந்திய அளவும், துப்புரவும், முதல்நாள் இரவு எடுத்த சிறு சிரத்தையும் போதும். "எதை உடுத்துக்கொண்டு போகப்போகிறாய், தம்பி?" என்று கேட்ட தாய்க்கு அந்த இளைஞன் அளிக்கக்கூடிய விடை அதுவேயாகும்.